சாம்பார் கரண்டிக்குத் தனி ஆணி

என் எதிர்வீட்டு வசந்தாவுக்கு,

நல்ல செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ எந்தக் கதையையும் கடைசியிலிருந்துதானே கேட்பாய். "அக்கா, முடிவு இன்னானு சொல்லிடுங்க, மத்தத அப்புறம் கேட்டுக்கறேன்" என்பாய். முடிவு இதுதான். கிறிஸ்துமஸ் விருந்து நல்லபடியாக முடிந்தது. உன் மாமியார் எங்கள் வீட்டில் ஒரே பந்தியில் இரண்டு இலை போட்டுச் சாப்பிட்டார். அந்த உப்பு விஷயத்தை நான் சொல்லிவிட்டேன்.

ஆமாம், சொல்லிவிட்டேன். அங்கிருந்து கண்ணை உருட்டாதே. ஏழு வருஷமாக நெஞ்சில் கிடந்தது இறங்கிவிட்டது. நேற்று மதியம் இரண்டு மணி நேரம் தூங்கினேன். நான் பகலில் படுத்து நீ எப்போதாவது பார்த்திருக்கிறாயா?

இனி மற்றதைக் கேள்.

நீ ஆடி மாதம் போனதிலிருந்து உங்கள் வீட்டுக் கதவு பாதி நேரம் சாத்தித்தான் இருக்கிறது. முகப்பேரில் நாம் குடிவந்த நாளிலிருந்து அந்தக் கதவு சாத்தியிருந்து நான் பார்த்ததில்லை. இரண்டாவது மாடியில் எதிரெதிர் வீடு, நடுவில் நாலு எட்டு நடை. என் சமையலறையில் ஒருத்தி நின்றால் இன்னொருத்தி வெளியே நிற்க வேண்டும், உன்னுடையதும் அதே அச்சு. ஆனால் கிறிஸ்துமஸ் அன்று இரண்டு கதவையும் திறந்துபோட்டால் அது ஒரே பெரிய சமையலறை. இந்தப் பக்கம் என் அடுப்பில் பிரியாணியும் கறிக்குழம்பும், அந்தப் பக்கம் உன் அடுப்பில் சாம்பார், பொரியல், பாயசம். நடுவில் தட்டுகளோடு ஓடுவது நாம் இருவரும்.

உன் மாமியார் மாங்காட்டு விவசாயக் குடும்பத்துப் பெண், பரம்பரைச் சைவம். எங்கள் வீட்டில் கறி கொதித்தால் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்கிறவர். அவர் எங்கள் கூடத்தில் இலை போட்டு உட்கார்ந்தது ஒரே காரணத்துக்காகத்தான். "வசந்தா வெச்சதுன்னா துன்றேன்" என்பார். இந்த வருஷம் வசந்தா இல்லை. வசந்தாவின் அடுப்பும் இல்லை.

அடுப்பு இல்லை என்று சேகர்தான் வந்து சொன்னார். "அக்கா, வருஷம் திரும்பற வரைக்கும் எங்க வூட்ல பண்டிகைச் சமையல் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாங்க. ஆனா உங்க வூட்டுக்கு சாப்பிட வரோம். கவிதா ஆசப்படுது" என்றார். வாசலில் நின்றபடியே சொன்னார். உன் வீட்டுக்காரர் இளைத்துப்போய்விட்டார், வசந்தா. சட்டைக் காலர் கழுத்தில் நிற்கவில்லை. சட்டைகளைக் கொண்டு வாருங்கள், தையல் பிடித்துத் தருகிறேன் என்றேன், இன்னும் கொண்டு வரவில்லை.

சரி என்று அவரை அனுப்பிவிட்டேன். கதவைச் சாத்தியதும் போய் என் சமையல் மேடையைப் பார்த்தேன். ஒரே மேடையில் கறியும் சைவமுமா? அதுவும் என் கையாலா? என் கை லட்சணம் உனக்குத் தெரியும். உனக்கு மட்டும்தான் தெரியும்.

உன் மாமியார் முதல் தடவை எங்கள் வீட்டில் சாப்பிட வந்த வருஷம் அது. உன் சாம்பார் பாதி கொதியில் இருக்கும்போது உங்கள் சிலிண்டர் தீர்ந்துபோனது. நீ குண்டானோடு ஓடி வந்து என் அடுப்பில் வைத்தாய். பக்கத்து அடுப்பில் கறிக்குழம்பு. வெளியே இலை போட்டாகிவிட்டது, உன் மாமியார் உட்கார்ந்தாகிவிட்டது. நான் அவசரத்தில் கறியைக் கிளறிய கரண்டியை அப்படியே சாம்பாரில் விட்டு ஒரு சுற்று சுற்றினேன். நிமிர்ந்தால் சமையலறை வாசல் நிலையைப் பிடித்தபடி நீ நிற்கிறாய்.

குண்டானைத் தூக்கிக் கழுவும் தொட்டியில் கொட்டினாய். பிறகு கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாய். "அத்த, ரெண்டு வாட்டி உப்பு போட்டுட்டேன். வாய்ல வெக்க முடியாது. தயிர்சோறு துன்னுட்டு பாயசம் குடிங்க."

அன்று சாயங்காலம் நான் உன்னிடம் அழுதேன். போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றேன். "வாய வெச்சுகினு சும்மா இருங்கக்கா. சொன்னா அப்புறம் உங்க வாசப்படி மிதிக்க மாட்டாங்க. உப்புனா ஒரு நாள் திட்டுவாங்க, அவ்ளோதான்" என்றாய்.

ஒரு நாளா திட்டினார்? உப்பு வசந்தா என்று பெயரே வைத்துவிட்டார். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, எங்கே நாலு பேர் கூடினாலும் அந்தக் குண்டான் சாம்பார் வந்துவிடும். நீ தலையைக் குனிந்து சிரிப்பாய். நான் வாயில் கொழுக்கட்டையோடு உட்கார்ந்திருப்பேன். உன் காரியத்தன்றுகூட அவர் அழுதுகொண்டே, "உப்பு கையில நிக்காதே தவிர என் மருமவ தங்கம்" என்றார். அப்போது எனக்கு எழுந்து எங்காவது ஓடிவிடலாமா என்று இருந்தது.

அதையும் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது போன மாதம். கவிதா முதல் முதலாக ரசம் வைத்திருக்கிறாள். பாவம் குழந்தை, கொஞ்சம் கரித்துவிட்டது. "ஆத்தாளுக்குத் தப்பாத பொண்ணு, அதே உப்புக்கை" என்று உன் மாமியார் சிரித்திருக்கிறார். கவிதா என்னிடம் வந்து, "பெரிம்மா, அம்மாவுக்கு நெஜமாவே சமைக்கத் தெரியாதா?" என்று கேட்டாள். நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்? நான் ஏதோ மழுப்பி அனுப்பினேன்.

இந்த இரண்டும் மண்டையில் ஓடிக்கொண்டிருக்கத்தான் விருந்துக்கு முந்தின இரண்டு நாளும் சமையலறையைக் கவிழ்த்துப் போட்டேன். பரணில் இருந்ததெல்லாம் கீழே வந்தது. கறிச் சட்டி, கறிக் கரண்டி, அரிவாள்மனை எல்லாவற்றையும் ஒரு கூடையில் போட்டு பால்கனிக்கு அனுப்பிவிட்டேன். மேடையையும் தொட்டியையும் கொதிக்கிற தண்ணீர் ஊற்றித் தேய்த்தேன். ஈரத்துணியால் சிலிண்டரைத் துடைத்து, ஈரம் எதுவரை காயாமல் நிற்கிறது என்று பார்த்தேன். முக்காலுக்கு மேல் இருந்தது. அந்த ஒரு பாடத்தை நான் ஜன்மத்துக்கும் மறக்க மாட்டேன்.

இடத்தைப் பிரிக்க முடியாது என்பதால் நேரத்தைப் பிரித்தேன். காலையில் முதலில் சைவம் மட்டும். அது முடிந்து மூடி போட்டு அறைக்குள் போன பிறகுதான் கறிக் கூடை உள்ளே வரலாம். சைவக் கரண்டிகளின் காம்பில் எல்லாம் சிவப்பு ரவிக்கைத் துணியில் முடிச்சுப் போட்டேன். "இன்னாடி இது, கரண்டிக்கெல்லாம் ரிப்பன் கட்டி ஸ்கூலுக்கா அனுப்பப் போற?" என்றார் எங்கள் வீட்டுக்காரர். அவருக்கு என்ன தெரியும்?

சைவப் பாத்திரங்கள் வைக்கத் தையல் மெஷினைத்தான் ஒழித்தேன். அதன் டிராயரில் உன் அளவு ரவிக்கை இருந்தது. எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டேன்.

பண்டிகை அன்று மாதா கோவிலுக்குப் போய்வந்து, கவிதாவைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு சாம்பார் வைத்தேன். முருங்கைக்காய், சின்ன வெங்காயம், நீ வைப்பதைப் போலக் கடைசியில் துளி வெல்லம். உப்பைக் கவிதாவையே போடச் சொன்னேன். எடுத்த உப்பில் பாதியைத் திரும்ப ஜாடியிலேயே போட்டாள் அவள். "பார்த்துப் போடு, பயந்து போடாத" என்றேன்.

நசரத்பேட்டையிலிருந்து கொழுந்தனார் குடும்பம் வந்தது. சின்னக் கொழுந்தனாருக்குப் போன மாதம்தான் கல்யாணம் ஆயிற்று, மனைவி பெயர் ரோஸி, அமைதியான பெண். அவளுக்கு எல்லாம் புதிது என்று ஜன்னல் பக்கம் உன் மாமியாரின் அருகில் உட்காரவைத்தேன். சேகர், கவிதா, உன் மாமியார் மூன்று பேருக்கும் சிவப்பு முடிச்சுக் கரண்டியால் நானே பரிமாறினேன். உன் மாமியார் ஒரு வாய் சாப்பிட்டார். நான் கரண்டியைப் பிடித்தபடி அங்கேயே நின்றேன்.

"உப்பு சரியா கீது" என்றார். கவிதா என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள், நீ பார்த்திருக்க வேண்டும். அங்கேயே நிறுத்தியிருக்கலாம் அந்த அம்மாள். ரோஸி பக்கம் திரும்பிவிட்டார். "எம் மருமவ இருந்தாளே, அவளுக்கு உப்பு கையில நிக்காதும்மா. ஒரு தபா இதே ஊட்ல ஒரு குண்டான் சாம்பார..."

"அம்மா, அது உப்பு இல்ல" என்றேன்.

என் வாய்தான் சொன்னது, நான் யோசிக்கவில்லை. பிறகு நிறுத்த முடியவில்லை. "அன்னைக்கு சாம்பார்ல கறிக் கரண்டி பட்டுடுச்சு. விட்டது நான்தான். வசந்தா பார்த்துட்டு, உங்க எலைக்கு வரக்கூடாதுன்னு கொட்டிட்டா. என்னைக் காட்டிக்கொடுக்காம பழிய அவ ஏத்துகினா."

உன் மாமியார் என்னையே பார்த்தார். "எங்க எலைக்கு வந்துச்சா?"

"ஒரு சொட்டு வரலம்மா."

இலையை மூடினார். பாதிச் சோறு உள்ளே இருந்தது. கையைக் கழுவிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சேகர் இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கவிதா மட்டும், "அப்ப அம்மா உப்பு அதிகமா போடலயா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் மறுபடி சாப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

நான் சமையலறைக்குள் போய் மேடையில் சாய்ந்து நின்றேன். உன் மாமியார் இனி எங்கள் வாசலை மிதிக்க மாட்டார் என்றே நினைத்தேன். ஆனால் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பயமாக இல்லை. முதுகிலிருந்து மூட்டையை இறக்கியவளைப் போல நிம்மதியாக இருந்தது. இதை அன்றைக்கே செய்திருந்தால் உன்னை யாராவது ஒரு நாளாவது நல்ல சமையல்காரி என்று சொல்லியிருப்பார்கள் இல்லையா?

பத்து நிமிஷம் ஆகியிருக்கும். எதிர்க்கதவு திறந்தது. உன் மாமியார் நேராகச் சமையலறை வாசலுக்கு வந்து, அன்று நீ நின்ற அதே இடத்தில் நின்றார். கண் சிவந்திருந்தது. கையில் உன் சாம்பார் கரண்டி, காம்பில் உன் பெயர் வெட்டி, உன் கல்யாணச் சீரில் வந்த கரண்டி.

"அவ படத்தாண்ட நின்னு பேசிட்டு வந்தேன்" என்றார்.

"இன்னா பேசினீங்கம்மா?"

"அது எனக்கும் அவளுக்கும்" என்றார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஏழு வருசம் சொல்லிச் சொல்லிக் காட்டிகினு இருந்தேன். வாயத் தொறக்கலயே அவ. எனக்குப் பயந்துகினா, இல்ல உனக்காகவா?"

இதற்கு நீதான் பதில் சொல்ல வேண்டும், வசந்தா. இரண்டும்தானா?

பிறகு அந்தக் கரண்டியை என் கையில் திணித்தார். "இது உங்க ஊட்லயே கெடக்கட்டும். சாம்பாருக்கு மட்டும். வேற எதுலயாவது விட்ட, அப்புறம் கீது உனக்கு" என்றார். கூடத்துக்குப் போய்ப் பழைய இடத்திலேயே உட்கார்ந்தார். "புது எல போடும்மா. பாதியில எழுந்துட்டேன், பசிக்குது."

இலை போட்டேன். உன் கரண்டியால் உன் மாமியாருக்குச் சாம்பார் ஊற்றினேன். இலை ஓரத்தில் கொஞ்சம் சிந்திற்று. இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினார்.

எல்லோரும் போன பிறகு, அடுப்பிலிருந்து தள்ளி, ஜன்னல் பக்கச் சுவரில் உன் கரண்டிக்கென்று தனி ஆணி அடிக்கச் சொன்னேன். கறிப் பாத்திரங்கள் பரணுக்குப் போய்விட்டன. மற்றக் கரண்டிகளின் ரிப்பனையும் அவிழ்த்துவிட்டேன்.

இனி நான் உனக்குச் செய்து தரும் சத்தியம் ஒன்றே ஒன்று. உன்னை உப்பு வசந்தா என்று எவர் எங்கே சொன்னாலும், அது கல்யாணப் பந்தியாகவே இருந்தாலும், எழுந்து நின்று கறிக் கரண்டி கதையைச் சொல்வேன், என் பெயரோடு சேர்த்து. கவிதா இனி ரசத்தில் உப்பை அதிகம் போட்டால் திட்டு வாங்கத்தான் செய்வாள். ஆனால் அது அவள் போட்ட உப்புக்காக மட்டும் இருக்கும்.

உன் பெயரைக் கெடுத்த பாவி,
உன் எதிர்வீட்டு அக்கா
ஸ்டெல்லா