நாலு அங்குலமும் ஒரு முக்காலியும்

மதினி,

நேற்று மகன் தன் புது ஜீப்பை உயரம் தூக்கப் போவதாகச் சொல்லி, செல்போனில் படம் படமாகத் தள்ளிக் காட்டினான். ஸ்பிரிங், ஷாக், பெரிய டயர் என்று ஒரு கல்யாணச் சீர்வரிசையே இருந்தது. "ரெண்டு இஞ்சா, நாலா, ஆறா? நீங்களே சொல்லுங்கப்பா" என்றான். நான் எழுந்து போய், தட்டுமுட்டுச் சாமான் அறையிலிருந்து உங்கள் முக்காலியை எடுத்துவந்து அவன் முன்னால் வைத்தேன். டீசலும் ஏலக்காயும் கலந்த அந்த வாடை இன்னும் அதில் இருக்கிறது. அப்பனுக்கு என்ன ஆயிற்று என்பது போலப் பார்த்தான்.

அவனுக்கு என்ன தெரியும்? நீங்கள் எனக்கு மதினியானதே தெரு முறையில்தான். கம்பத்தில் நம் தெருவிலிருந்து பன்னிரண்டு பெண்களை விடிந்ததும் ஏற்றிக்கொண்டு, கம்பம்மெட்டுக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்தில் பழுத்த காய் பறிக்கக் கொண்டுபோய் விடுவது என் பிழைப்பு. அந்தப் பன்னிரண்டு பேருக்கும் தலைவி நீங்கள். தார் ரோடு முடிந்த பிறகு இரண்டு மைல் வெறும் கல்லுப்பாதை. நடுவில் ஆமை முதுகு மாதிரி ஒரு பாறை. வண்டிக்கு அடியில் நடுவே தொங்கும் கியர்ப்பெட்டி அதில் போய் உட்கார்ந்துவிடும். மழைக்காலத்தில் நீங்கள் அத்தனை பேரும் இறங்கி, அட்டைக்கடியோடு நடந்துதான் போவீர்கள். தோட்டத்து முதலாளி பாதி மலையாளமும் பாதித் தமிழுமாக, "அடுத்த மழைக்கு வண்டி இவிட வந்து எத்தலைன்னா வேற ஜீப் நோக்கும்" என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு தோட்டத்தை விட்டால் எனக்கு வேறு ஓட்டம் கிடையாது.

டேப்போடு போய்ப் பாறையை அளந்தேன். பட்டறையில் மெக்கானிக் தெளிவாகத்தான் சொன்னார். "ஸ்பிரிங்ல ஒரு பட்டை கூடச் சேத்தா ரெண்டு இஞ்சு ஏறும்ணே. பாறையில உரசும், மாட்டாது. அடியில கட்டை குடுத்து நாலு இஞ்சு தூக்குனா உரசவே செய்யாது. ஆனா ஏற இறங்கச் சங்கடம், வளைவுலயும் சாயும்."

இரண்டு போதும் என்று எனக்கும் தெரியும். ஆனால் ஸ்டாண்டில் என் பக்கத்து வண்டி நாலு அங்குலம் தூக்கி, கோயில் காளை மாதிரி நின்றது. மனுசன் புத்தி, நாலு என்றேன். தூக்கிய வண்டியைப் பார்க்க வந்த நீங்கள் பின்பக்கம் போய் நின்று, படியைக் கையால் தொட்டுப் பார்த்தீர்கள். "பாறையை அளந்தீக, சரி கொழுந்தனாரே. எங்க முழங்காலை அளந்தீகளா?" என்று கேட்டீர்கள். பட்டறையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

மறுநாள் காலையில் பேச்சியம்மாள் ஏறும்போது கால் வழுக்கி, முழங்காலுக்குக் கீழே தோல் வழன்று போனது. ஆளாளுக்குப் பேச, எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. புதுசாகத் தூக்கிய வண்டியைக் குறை சொல்லிவிட்டார்களாம். "ஏற முடியாதவுக வேற வண்டி பாத்துக்கங்க!" என்று கத்தினேன். அதற்கடுத்த நாள் நீங்கள் இந்த முக்காலியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தீர்கள்.

"கொழுந்தனாரு பல்லக்குக்குப் படி கொண்டாந்திருக்கேன்" என்றீர்கள். அவ்வளவுதான், அதோடு சண்டை தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன். ஸ்டீரிங்கில் கை வைத்துக் காத்திருப்பேன். பின்னால் தகட்டில் இரண்டு தட்டுக் கேட்கும். "போலாம்!" என்பீர்கள். வண்டியை எடுப்பேன். ஆறு வருடம் அப்படியே ஓடியது. இடையில் நீங்கள் காலைச் சாய்த்துச் சாய்த்து நடப்பதைப் பார்த்து, "என்ன மதினி, கும்மி பழகுறீகளா?" என்று கேலி செய்திருக்கிறேன். "ஆமா, உங்க ரெண்டாங் கல்யாணத்துக்குத்தான்" என்று நீங்களும் விட்டுக்கொடுக்காமல் சொன்னீர்கள்.

பிறகு மஞ்சள் காமாலை வந்து ஒரே மாதத்தில் போய்விட்டீர்கள். காரியம் முடிந்து முதல் நாள் வண்டி எடுத்தபோது, வழக்கம்போல முன்னால் உட்கார்ந்து தட்டுக்குக் காத்திருந்தேன். கேட்கவில்லை. ஹாரன் அடித்தேன். அப்புறமும் கேட்கவில்லை. எரிச்சலோடு இறங்கிப் பின்னால் போனேன். ஆறு வருடத்தில் அதுதான் முதல் தடவை. முக்காலியைச் சுற்றிப் பெண்கள் நின்றிருந்தார்கள், நீ ஏறு, நீ ஏறு என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு.

பேச்சியம்மாள்தான் சொன்னார். "இது கால் ஆடுற முக்காலிய்யா. ஒரு ஆளு மிதிச்சுப் பிடிச்சாத்தான் அடுத்த ஆளு ஏறலாம். கடைசி ஆளுக்கு மிதிக்க யாரு இருக்கா? எப்பவும் கடைசி ஆளு உங்க மதினிதான். அவுக முக்காலிய மேல குடுத்துட்டு, எங்க கையப் பிடிச்சுத் தொங்கித்தான் ஏறுனாக. முட்டி வீங்கிப்போய்க் கெடந்தாக, பாவம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றேன்.

"நீங்கதான் சொல்லிட்டீகளே, வேற வண்டி பாத்துக்கங்கன்னு. முட்டி போச்சுன்னு தெரிஞ்சா வேலை போயிருமேன்னு அவுகதான் எங்க வாயக் கட்டிப் போட்டாக."

மதினி, அந்த இடத்தில் நான் அழுதேன். நடுத்தெரு என்றுகூடப் பார்க்கவில்லை. பன்னிரண்டு பேரும் பின்னால் ஏறுகிறவர்கள். ஏற வேண்டாத ஒரே ஆள் நான்தான். முக்காலியை மிதித்துக்கொண்டு நிற்க வேண்டியவன் முன்னால் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கேட்க நீங்களும் இல்லை.

அந்த ஞாயிறே பட்டறைக்குப் போய்க் கட்டையைக் கழற்றி, ஒரு பட்டை சேர்த்து இரண்டு அங்குலமாக்கினேன். திங்கட்கிழமை பாறையில் உரசியது. மாட்டவில்லை. மெக்கானிக் சொன்னபடியேதான். தோட்டத்து ஓட்டம் இருந்த வரைக்கும் தினமும் இறங்கிப் போய் முக்காலியை மிதித்துக்கொண்டேன். எல்லாரும் ஏறியதும் உங்களைப் போலத் தகட்டில் இரண்டு தட்டுத் தட்டி, "போலாம்" என்பேன். ஓட்ட வேண்டியவனும் நான்தான் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வரும். பெண்கள் சிரிப்பார்கள்.

நேற்று மகனிடம், "முதல்ல நாலு டயருக்கு அடியிலயும் நாலு இஞ்சுக்குப் பலகை அடுக்கு. அம்மாவைக் கூப்பிட்டு ஏறச் சொல்லு" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே அடுக்கிவிட்டு, டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டான். நான் முக்காலியை மிதித்துக்கொண்டேன். என் வீட்டுக்காரி ஒரு கையால் என் தோளையும் மறு கையால் முழங்காலையும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏறியாச்சாம்மா?" என்று முன்னாலிருந்தபடியே கேட்டான் அவன்.

"ஏலே, எறங்கி வந்து பாருடா" என்றேன்.