ஆவி பிடித்தால் சரியாகிவிடும் என்றாய்

காலையில் லிஃப்ட் கதவு திறந்ததும் யூகலிப்டஸ் வாசனை முகத்தில் அடித்தது. ஹைதராபாத்தில், எங்கள் குஷாய்குடாவில் சளிக்காலம் தொடங்கிவிட்டது. மூன்றாம் மாடி அம்மாள், செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க்காரி, கைக்குட்டையில் தைலம் விட்டு மூக்கில் பிடித்தபடி நின்றிருந்தாள். காய்ச்சலாம். "நாலு சொட்டு போதும்மா, இம்யூனிட்டி ஏறிடும். டாக்டர் கைக்கு?" என்றாள், ஹைதராபாத் உருதுவில் 'எதற்கு' என்று.

"வாசனை காய்ச்சலை விரட்டாது. இன்னைக்கே போய்க் காட்டுங்க" என்று கத்திவிட்டேன். பாவம், மிரண்டுபோனாள். நான் கத்தியது உன்னிடம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

திருநெல்வேலியிலிருந்து வந்து அமீர்பேட் ஹாஸ்டலில் ஒரே அறையில் தங்கி, ஒன்றாகவே சாஃப்ட்வேர் டெஸ்டிங் படித்து வேலைக்குப் போனவர்கள் நாம். "ஓடுதுன்னு சொன்னா போதாது, ஓட்டிக் காட்டு" என்று புரோகிராம் எழுதுபவர்களை நீ படுத்திய பாடு ஆபீஸ் முழுக்கப் பிரசித்தம். அப்படிப்பட்ட நீ, மகள் பிறந்து பிளே ஸ்கூலிலிருந்து மாதம் ஒரு சளியோடு வரத் தொடங்கியதும் மாறிப்போனாய். வீட்டுக்கு வாசனை எண்ணெயை ஆவியாக்கிப் பரப்பும் டிஃப்யூசர் வந்தது. லாவெண்டர் மணத்தில் குழந்தை நிம்மதியாகத் தூங்கினாள். அதை நான் என்றைக்கும் மறுத்ததில்லை. தூக்கம் வந்ததற்காக, நோயும் வராது என்று நீ முடிவுகட்டியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. தலையணையில் டீ ட்ரீ எண்ணெய், உள்ளங்காலில் யூகலிப்டஸ். ஃப்ளூ ஊசி போடக் கூப்பிட்டால், "அதான் எண்ணெய் இருக்கே" என்பாய்.

போன குளிர்காலத்தில் உனக்கே காய்ச்சல் வந்தது. பார்க்க வந்தேன். ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்கினாய்.

"ஏட்டி, கிளம்பு. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"சும்மா இருட்டி. ஆவி பிடிச்சிருக்கேன். நாளைக்குச் சரியாயிரும்."

"எல்லாத்தையும் டெஸ்ட் பண்ணுற ஆளுதானட்டி நீ? இத எப்ப டெஸ்ட் பண்ணுன?"

சிரிக்கப் பார்த்தாய். இருமல்தான் வந்தது. உன் கணவரைப் பார்த்தேன். "அவளுக்குத் தெரியாததா?" என்றார்.

மறுநாள் காலை நானே காரை வரவழைத்து, உன்னைக் கைத்தாங்கலாக ஏற்றினேன். நிமோனியா என்றார்கள். இன்னும் சீக்கிரம் கூட்டி வந்திருக்கலாமே என்றார் டாக்டர். அந்த வாரமே நீ போய்விட்டாய். "முன்னாடியே வந்திருந்தா பிழைச்சிருப்பாளா?" என்று அவரிடம் கேட்டேன். "அதை யாரும் உறுதியாச் சொல்ல முடியாதும்மா." அந்த வாரமே நீ போய்விட்டாய். கோபத்தை வைக்கக்கூட உறுதியான ஓர் இடம் எனக்குக் கிடைக்கவில்லை.

போன வாரம், இப்போது மூன்றாம் வகுப்புப் படிக்கும் உன் மகளுக்கு ஃப்ளூ ஊசி போட்டுக் கூட்டி வந்தேன். உன் வீட்டுக்குள் நுழைந்ததும் டிஃப்யூசரைப் போட்டாள். நிறுத்தச் சொல்ல வாயெடுத்தேன்.

"இதி அம்ம வாசன கதா, ஆண்ட்டி" என்றாள் தெலுங்கில். அம்மா வாசனையாம்.

"போட்டுக்கோ. ஆனா காய்ச்சல் வந்தா உடனே எனக்கு போன் பண்ணணும்" என்றேன். "சரே, ஆண்ட்டி" என்று தலையாட்டினாள். உன்னைவிடச் சொன்ன பேச்சுக் கேட்கிறாள்.

பாத்திரம் கழுவும்போது, மெட்ரோவில் நிற்கும்போது, உன்னோடு இன்னும் மனசுக்குள் வாதாடிக்கொண்டேதான் இருக்கிறேன். என் நியாயங்கள் எல்லாம் சரியாகத்தான் இருக்கின்றன. குறுக்கே பேச நீ இல்லாததால் ஒவ்வொரு முறையும் நானே ஜெயிக்கிறேன். எரிச்சலாக இருக்கிறதட்டி.