வடக்குப் பாதியில் குளிர்

என் மகன் ரோண்டலுக்கு,

அப்பா வாயால் சொல்ல, பக்கத்து வீட்டு வெர்லா கையால் எழுதும் கடிதம். நீயும் மார்லினாவும் அந்த வயோமிங் காற்றில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரியும். வெர்லா தான் ஓட்டும் ஸ்கூல் பஸ்ஸை நிறுத்திவிட்டு நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாள். "அண்ணே, மெதுவாச் சொல்லுங்க, கரி கொட்டுற மாதிரி கொட்டாதீங்க"ன்னு இப்போதே ஆரம்பித்துவிட்டாள். உங்கம்மா உள்ளே தூங்குகிறாள். அதனால் நானும் அடக்கித்தான் பேசுகிறேன்.

உனக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டிய செய்தி இது. கிறிஸ்துமஸ் முடிந்ததும் உங்கம்மாவுக்குச் சளி கட்டி, நுரையீரலில் இறங்கி, ஆஸ்பத்திரியில் கிடந்தாள். உனக்குச் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். வாங்கிய சத்தியத்தை இப்போது உடைக்கிறேன். வீட்டுக்கு அனுப்பும்போது கூடவே ஒரு நர்ஸும் வந்தாள். அந்தப் பெண் வடக்குப் பக்கம் அம்மா படுக்கும் அறையில் கையை நீட்டிப் பார்த்துவிட்டு, சுவரில் ஒரு தெர்மாமீட்டரை மாட்டினாள். "பெரியவரே, இந்தக் குளிர்ல இவங்களை வச்சிருக்க முடியாது. அடுத்த வியாழக்கிழமை வருவேன். அதுக்குள்ள இந்த அறை சூடாகலைன்னா டவுன்ல இருக்கற பராமரிப்பு இல்லத்துல சேர்த்துடணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். உங்கம்மா அதைக் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தாள். அந்த இல்லத்தில்தான் அவளுடைய அம்மா யாரையும் அடையாளம் தெரியாமல் கிடந்து செத்தாள். உங்கம்மா போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள்.

ஃபேக்டரியில் செய்த நம் வீடு லாரியில் இரண்டு துண்டாக வந்து இங்கே சேர்ந்தது உனக்கு நினைவிருக்கும். நீ அப்போது சின்னப் பையன், நடுவில் ஒட்டு போடும்போது ஆணி பொறுக்கிக் கொடுத்தாய். ஹீட்டர் தெற்குப் பாதியில். அங்கே ஊதும் சூட்டுக் காற்றை வடக்குப் பாதிக்குக் கொண்டுபோக வீட்டுக்கு அடியில் ஒரு தடித்த குழாய், யானைத் தும்பிக்கை மாதிரி. சமையலறையில் நான் சட்டையைக் கழற்றும் அளவுக்குச் சூடு. அம்மா அறையிலோ வாயிலிருந்து புகை வரும் குளிர். நான் ஹீட்டரைக் கூட்டிக் கூட்டி வைத்தேன். அது சூடேறி, தானே அணைந்து, ஆறியபின் மறுபடி எரியும். சுரங்கத் தூசி தின்ற என் மூச்சோடு நான் வீட்டுக்கு அடியில் நுழைய முடியாது. வெர்லாவைக் கூப்பிட்டேன். அவளும் அவள் புருஷனும் இந்த மாதிரி வீடுகளை இறக்கி நிறுத்தும் வேலை பார்த்தவர்கள்தானே.

வீட்டின் அடிப்பக்கத்தைச் சுற்றி மறைத்திருக்கும் தகரத்தை விலக்கிக்கொண்டு தவழ்ந்து உள்ளே போனவள் கொஞ்ச நேரத்தில் சிரித்துக்கொண்டு கத்தினாள். "டெல்ஃபியா அக்கா! ஊர்ப் பூனை எல்லாம் உங்க வீட்டுக்குக் கீழதான் குடித்தனம் நடத்துது! இந்தக் குழாய் கழண்டு தரையில கிடக்கு. இத்தனை நாளும் பூனைங்கதான் உங்க சூட்டுல குளிர்காஞ்சிருக்கு!" உங்கம்மா படுத்தபடியே, "வாடகை கேளுடி அதுங்ககிட்ட" என்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அவள் பேசிய முதல் கிண்டல் அது.

வெர்லா குழாயைத் தூக்கி மாட்டி, பட்டை போட்டு இறுக்கி, தரையில் படாமல் தொங்கவிட்டுவிட்டு வந்தாள். அன்று அம்மா அறையில் காற்று வந்தது. பீன்ஸ் சூப்பும் சோள ரொட்டியும் வைத்து மூன்று பேரும் அவள் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம். விடிந்தபோது மறுபடி குளிர். வெர்லா போய்ப் பார்த்தால், அதே இடத்தில் அதே குழாய் கழன்று கிடக்கிறது.

அப்போதுதான் அவள் வீட்டுக்குள் வந்து ஒவ்வொரு அறையாகத் தரையைப் பார்த்தாள். நடைவழியில் உன் அறைக்கு முன்னால் நின்றாள். கதவடியில் துண்டுகளைச் சுருட்டித் திணித்திருந்ததைக் காலால் தொட்டுப் பார்த்தாள். "அண்ணே, இந்த ரூமுக்குள்ள தரையில காத்து வர்ற ஓட்டையெல்லாம் திறந்திருக்கா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். நீ போன மறுநாளே உங்கம்மா எல்லாவற்றின் மேலும் தகரத்தை வைத்து, மேலே கம்பளத்தைப் போட்டு, கதவைச் சாத்திவிட்டாள். ஆள் இல்லாத அறைக்கு எதற்குச் சூடு, காசு மிச்சம் என்று எனக்குக் காரணம் சொன்னாள். நானும் அதைக் காரணம் என்று எடுத்துக்கொண்டேன்.

வெர்லா தலையில் அடித்துக்கொண்டாள். "வடக்குப் பாதியில பாதி ஓட்டை இந்தப் பெரிய ரூம்லதான் இருக்கு. ஊதுற காத்துக்குப் போக இடமும் வேணும், திரும்பி வர வழியும் வேணும். ரெண்டையும் அடைச்சுட்டா, எந்த மூட்டு சொத்தையோ அதைப் பிச்சுக்கிட்டுத்தான் போகும். நீங்க நிஜமாவே சுரங்கத்துல வேலை பாத்த ஆளா அண்ணே?" என்றாள்.

அவள் கேட்டதில் தப்பில்லை. சுரங்கத்துக்குள் நல்ல காற்று ஒரு வழியாகப் போகும், பழைய காற்று வேறு வழியாகத் திரும்பும். நடுவில் காற்றைத் திருப்பிவிடக் கட்டிய ஒரு திரைச்சீலை விழுந்தால்கூட வேலையைப் போட்டுவிட்டு ஓடிக் கட்டுவோம். அந்த வேலையிலேயே என் வயசு போயிற்று. ஆனால் என் வீட்டு நடைவழியில் சாத்திக் கிடந்த கதவை மட்டும் நான் தினமும் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன்.

உங்கம்மா சம்மதிக்கவில்லை. "அந்த ரூமைத் திறக்கற வேலை வேண்டாம். நான் அடுப்படியில உக்காந்துக்கறேன்" என்று நடையுதவிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வந்து, ஓவன் கதவைத் திறந்து வைத்து அதன் முன்னால் உட்கார்ந்துகொண்டாள். உட்கார்ந்தபடியே தூங்கினாள், இருமினாள். "அக்கா, இப்படி உக்காந்திருக்கறத அந்த நர்ஸ் பாத்தா கையோட கூட்டிட்டுப் போயிடுவா" என்று வெர்லா சொன்னாள். "போறேன் போ" என்றாள்.

அவளை மட்டும் குறை சொல்லாதே மகனே. சுரங்கத்தில் வேலைநிறுத்த மறியல் நடந்த அந்தக் குளிர்காலம் எனக்கு இன்றைக்கும் கண்ணுக்குள் இருக்கிறது. பெண்கள் துடைப்பக்கட்டையோடு ரோட்டை அடைத்து நின்றார்கள். உங்கம்மா முன்வரிசை. மார்லினாவின் அப்பா ஹோபர்ட் மறியலை மீறி வேலைக்குப் போகத் தன் பச்சை வண்டியை உள்ளே விட்டான். உங்கம்மா ஓங்கிய கட்டை முன் கண்ணாடியில் விழுந்தது. பக்கத்து சீட்டில் சிவப்புத் தொப்பி போட்ட ஒரு குழந்தை. அழவில்லை. எங்களையே பார்த்துக்கொண்டு போனது. அதுதான் மார்லினா. மறியல் தோற்றது. உன் மாமா எல்டனுக்கு வேலை போயிற்று, வீடு போயிற்று, ஒஹாயோவில் யாரோ ஒருவர் வீட்டு நிலவறையில் தனியாகச் செத்தான். தம்பியைப் புதைத்தவளுக்கு அது பழங்கதை ஆகவில்லை. நீ மார்லினாவைக் கூட்டி வந்த அன்று, "கருங்காலி மக இந்தப் படி மிதிக்கக் கூடாது" என்றாள். நீ திரும்பிப் பார்க்காமல் போனாய். எனக்கு ஹோபர்ட் மேல் இருந்த கோபம் எப்போதோ ஆறிப்போயிருந்தது. அதை அன்றைக்கு வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்.

நர்ஸ் வருவதற்கு முதல் நாள், புதன்கிழமை மத்தியானம், நடைவழியில் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் உங்கம்மா குனிந்து, கதவடியிலிருந்து துண்டுகளை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டிருக்கிறாள். நான் நிற்பதைப் பார்த்து, "வேடிக்கை பாக்காம வாங்க. அந்தத் தகரத்தை என்னால தூக்க முடியாது" என்றாள்.

கதவைத் திறந்ததும் ஈரமண் வாடை. வெளிச்சுவர் முழுக்கக் கறுப்பாய்ப் பூஞ்சை, கட்டிலின் தலைமாட்டுவரை இறங்கியிருந்தது. உன் சட்டைகள் எல்லாம் சாம்பல் பூத்து, தொட்டால் பிசுபிசுத்தன. சுவரில் மாட்டியிருந்த உன் பாஞ்சோ வாத்தியத்தின் தோல் தொய்ந்து, கழுத்து வளைந்துவிட்டது. நீ கூடைப்பந்து ஆடிய படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. உங்கம்மா ஒன்றைப் பிரிக்கப் பார்த்தாள், உன் முகம் உரிந்து வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, "எல்லாத்தையும் அப்படியே வச்சிருக்கேன்னு நினைச்சேனே" என்றாள். யாரிடமும் சொல்வது போல இல்லை. நான் தகரங்களைத் தூக்கிக்கொண்டே இருந்தேன். அவள் பக்கம் திரும்பிப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

பிறகு வேலை ஒன்றும் பெரிதாக இல்லை. வெர்லா குழாயைத் திரும்ப மாட்டினாள். அறைக் கதவுகளைக் கழற்றி அடியில் கொஞ்சம் அறுத்தாள், சாத்தியிருந்தாலும் காற்று திரும்பட்டும் என்று. அம்மா அறையில் காற்று வரும் ஒரு ஓட்டையின் மேலேயே அலமாரி நின்றிருந்தது, அதையும் நகர்த்தினாள். சுவரைச் சுரண்டிக் கழுவினோம். இப்போது ஹீட்டர் இடையில் அணைவதில்லை. வீடு முழுக்க ஒரே சூடு. பூனைகள் கோபித்துக்கொண்டு சர்ச் கிடங்குக்குப் போய்விட்டதாக வெர்லா சொல்கிறாள்.

வியாழக்கிழமை நர்ஸ் வந்து தெர்மாமீட்டரைப் பார்த்தாள். உங்கம்மா இங்கேயே இருக்கலாம் என்றாள். வழியனுப்ப நான் கார்வரை போனேன். அங்கே நின்று, "வீடு நல்லா இருக்கு பெரியவரே. ஆனா அவங்க நுரையீரல் வசந்தகாலம் வரைக்கும் தாங்கும்னு என்னால சொல்ல முடியாது. வந்து பாக்கணும்னு நினைக்கறவங்க யாராவது இருந்தா, தள்ளிப் போடச் சொல்லாதீங்க" என்றாள். உங்கம்மாவிடம் நான் இதைச் சொல்லவில்லை. அவளும் என்னிடம் கேட்கவில்லை.

உன்னை வரச் சொல்லி எழுது என்றும் அவள் சொல்லவில்லை. இல்லாததைச் சொல்லி உன்னை இழுக்க மாட்டேன். நேற்று உன் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். ரொம்ப நேரம் அந்த ஒற்றைக் கட்டிலையே பார்த்தாள். அப்புறம், "இந்தாங்க, இதுல ரெண்டு பேர் எப்படிப் படுப்பாங்க?" என்று கேட்டாள். அவ்வளவுதான். அதற்குமேல் நான் கேட்டால் பேச்சை நிறுத்திவிடுவாள் என்று நானும் ஒன்றும் கேட்கவில்லை.

வெர்லாவின் தங்கை வீட்டில் ஒரு பெரிய கட்டில் இருக்கிறதாம், நாளைக்கு எடுத்து வருகிறோம்.

மகனே, மார்லினாவை அங்கே விட்டுவிட்டு நீ மட்டும் வந்து நிற்காதே. அவளிடம் நான் கேட்டுக்கொண்டதாகச் சொல். கடவுள் உங்கள் இரண்டு பேர் கூடவும் வரட்டும். மலைப்பாதையில் பனி இருக்கும், நிதானமாக ஓட்டு. ஆனால் வழியில் எங்கேயும் தங்கிவிடாதே.

உன் அப்பா,
ஆர்வில்