அவன் இரண்டு முறை சொல்லியிருக்கிறான்

பிப்ரவரி 11, செவ்வாய்

மதியம் ஒன்று நாற்பதுக்கு என் கண்ணாடிக் கடைக்கு மேலே ஒரு விமானம் போனது. விசிறி வைத்த விமானத்தின் சத்தம் கேட்டாலே என் கை நின்றுவிடுகிறது. அப்போது ஒரு பெரியவருக்குக் கண் சோதித்துக்கொண்டிருந்தேன். "என்னம்மா, லென்ஸை மாத்தவே இல்லையே" என்றார். அசடு வழிந்தேன்.

அவர் போனதும் போனில் பார்த்தேன். தம்பி ஓட்டும் ரகம்தான். அவனேதான் ஓட்டினானா, தெரியாது. விமானம் எங்கே, எந்த உயரத்தில் என்று எல்லாம் காட்டுகிற ஆப், உள்ளே யார் என்று மட்டும் காட்டாது. அவன்தான் என்று வைத்துக்கொண்டேன். தரை தொடும்வரை பார்த்துவிட்டுத்தான் சாப்பிடப் போனேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

விமான நிலைய வேலியோரம், விமானங்களைப் படம் பிடிக்கிற எங்கள் கூட்டம். ஆறு பேர், ஆறு கேமரா, ஒரே ஒரு குடை. குழுவை நடத்துகிற பல் டாக்டர் ஆறடி இரண்டு அங்குலம். அதனால் அவருக்கு 'டவர்' என்று பெயர். ஏதோ ஒரு ரக எஞ்சினில் வெடிப்பு இருக்கிறதாம், எல்லாவற்றையும் சோதிக்கச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது. "கண்ணாடி அக்கா, நம்ம குழுப் பக்கத்துல நீங்களே எழுதுங்க. நீங்க எழுதினாத்தான் ஜனங்க நம்பறாங்க" என்றார்.

எழுதினேன். உத்தரவில் இருப்பது மட்டும், நான்கு வரி. மூன்று வருடமாக நான் ஊகம் எழுதுவதில்லை. ஏன் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

பிப்ரவரி 27, வியாழன்

தம்பிக்கு இன்று முப்பத்து நான்கு. வாழ்த்து அடித்தேன். அழித்தேன். திரும்ப அடித்தேன். போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன்.

எழுதாமல் வைத்திருந்து என்ன ஆகப்போகிறது? எழுதிவிடுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மழை நாள். ஒரு விமானம் ஓடுபாதை முடிந்தும் நிற்காமல் சேற்றுக்குள் போய் நின்றது. உயிர்ச்சேதம் இல்லை. ஒரு அம்மாவுக்குக் கை முறிந்தது. நான் ஆப்பில் பதிவான உயரத்தையும் வேகத்தையும் பார்த்துவிட்டு ஒரே மணி நேரத்தில் குழுவில் எழுதினேன்: 'உயரமாகவும் வேகமாகவும் வந்திருக்கிறார்கள். இறங்காமல் மேலேறி, ஒரு சுற்றுச் சுற்றி வந்திருக்க வேண்டும். இரண்டு விமானிகளில் ஒருவருக்குக்கூட வாய் இல்லையா?'

அந்தக் கடைசி வரிக்கு விழுந்த கைதட்டல்! ஒரு செய்தித்தாள்கூட எடுத்துப் போட்டது.

மறுநாள்தான் தெரிந்தது, இரண்டு பேரில் ஒருவன் என் தம்பி.

வீட்டுக்கு வந்தான். உட்காரவில்லை. "அதை எடுத்துடுக்கா."

"நான் எழுதினதுல என்ன தப்பு, சொல்லு."

"விசாரணை நடக்குது. நான் எதுவும் சொல்லக் கூடாது."

"அப்ப தப்பு இல்லதானே?"

"நீ எனக்கு அக்காவா, விசாரணைக் கமிஷனா?" என்று கேட்டுவிட்டுப் போனான். அவ்வளவுதான், அதோடு பேச்சு நின்றது. அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்துக்குத் தலை வாரி அனுப்பினவள் நான். ஒரு வரியை எடுத்திருக்க எனக்கு என்ன கேடு? நான் சொன்னது சரி. அது போதுமாக இருந்தது அன்றைக்கு.

மார்ச் 2, ஞாயிறு

மேகம். சத்தம் மட்டும் கேட்டது.

மார்ச் 14, வெள்ளி

விசாரணை அறிக்கை வெளியாகிவிட்டது. டவர்தான் அனுப்பினார். நூற்றுப் பன்னிரண்டு பக்கம். கடையின் பின்னறையில் நின்றபடியே படித்தேன். நாற்பத்தோராம் பக்கத்தில் விமானி அறையின் ஒலிப்பதிவு.

துணை விமானி: உயரமாக இருக்கிறோம். சுற்றிப் போகலாம்.
தலைமை விமானி: பரவாயில்லை, இறங்கிவிடலாம்.
பதினோரு வினாடி.
துணை விமானி: சார், சுற்றிப் போகலாம்.
பதில் இல்லை.

துணை விமானி என் தம்பி.

வாய் இல்லையான்னு கேட்டேனே. ஊரே பார்க்கக் கேட்டேனே. நான் வீட்டில் உட்கார்ந்து எழுதியதை அவன் அங்கேயே, அந்த மழையில, ரெண்டு தடவை சொல்லியிருக்கான். அப்புறம் என் முன்னாடி வந்து நின்னு அதைச் சொல்லவும் முடியாம — ஐயோ, எப்படித் தாங்கினான்?

வெளியே யாரோ மணி அடித்தார்கள். முகம் கழுவிக்கொண்டு போய் அவருக்கு ஃபிரேம் எடுத்துக் காட்டினேன்.

மார்ச் 15, சனி

காலையிலேயே எழுதிப் போட்டேன். நான் அன்று எழுதியது, அது எப்படித் தவறு, அந்தத் துணை விமானி என் தம்பி, அவன் கேட்டும் நான் எடுக்கவில்லை — எல்லாம்.

டவர் கூப்பிட்டார். "சொந்த விஷயத்தையெல்லாம் ஏன் சொல்றீங்க? 'பழைய பதிவு திருத்தப்பட்டது'ன்னு ஒரு வரி போட்டா முடிஞ்சுபோச்சு."

"அன்னைக்குத் திட்டும்போது ஒரு வரியோட நிறுத்தினேனா டாக்டர்?"

"சரி, இருக்கட்டும்" என்றார். பதிவுக்குக் கீழே ஒருவர், 'இவ்வளவு நாள் கழித்து அழுது என்ன?' என்று எழுதியிருக்கிறார். நியாயமான கேள்விதான்.

மார்ச் 16, ஞாயிறு

போன் பண்ணினேன். தம்பி மனைவி எடுத்தாள்.

"அவன் பறக்கப் போயிருக்கானா?"

"அவர் ஓட்டறதை விட்டு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சுக்கா. உங்களுக்குத் தெரியாதா? பயிற்சி மையத்துல சொல்லிக்கொடுக்கறார். பொய் விமானத்துல, தரையிலயே."

ஒரு வருடமாக நான் யாரைப் பத்திரமாக இறக்கிவிட்டுச் சாப்பிடப் போனேன்?

நான் கூப்பிட்டதாக அவனிடம் சொல்லச் சொன்னேன். "சொல்றேங்க்கா" என்றாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது.

ஏப்ரல் 2, புதன்

அவன் இல்லை என்று தெரிந்த பிறகும், சத்தம் கேட்டால் தலை நிமிர்கிறது. கழுத்துக்குச் சொன்னால் புரியவில்லை.

ஏப்ரல் 26, சனி

கூப்பிட்டான்! தெரியாத எண்.

"படிச்சேன்" என்றான்.

"அறிக்கையையா?"

"நீ எழுதினதை. அறிக்கையை நான் எதுக்குப் படிக்கணும்? நான்தான் உள்ளேயே இருந்தேனே."

"ஏண்டா என்கிட்ட சொல்லல?"

"சொல்லக் கூடாது. அப்புறம் சொல்லவும் பிடிக்கல. ரெண்டு தடவை சொன்னேன். மூணாவதா வாய் பேசியிருக்கக் கூடாது, கை பேசியிருக்கணும். நானே மேல தூக்கியிருக்கணும். தூக்கல. இப்ப பசங்களுக்கு அதைத்தான் சொல்லிக்கொடுக்கறேன். நீ அன்னைக்கு எழுதினது பாதி சரிதான்க்கா."

"பாதியும் சரியில்லடா."

"சரி, வெச்சிடறேன். வகுப்பு இருக்கு."

'அக்கா' என்று ஒரு தடவை சொன்னான். எண்ணிக்கொண்டேன்.

மே 9, வெள்ளி

போன் இல்லை. நானும் பண்ணவில்லை. நெருக்கக் கூடாது.

ஜூன் 17, செவ்வாய்

பதினொரு மணிக்குக் கடைக்கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். முன்னால் ஒரு அம்மா உட்கார்ந்திருந்ததால் வரிசையில் காத்திருந்தான். அந்த அம்மாவுக்கு இடது கண்ணை இரண்டு முறை சோதித்தேன்.

"மெடிக்கல் டெஸ்ட்ல தூரத்து எழுத்து தடுமாறுதுன்னுட்டாங்க. கண்ணாடி போட்டாத்தான் ஓட்ட விடுவாங்களாம்."

"ஓட்டப் போறியா?"

"ஆகஸ்ட்ல."

தாடையைத் தாங்கியில் வைத்தான். காதோரம் நரை. எனக்குத் தெரியாமல் வந்த நரை. லென்ஸை மாற்றினேன். "இதுவா, இதுவா?"

"ரெண்டாவது."

"இப்போ?"

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு."

"அவசரப்படாதே. நிதானமாப் பாரு."

பார்த்தான். எனக்கும் அவசரம் இல்லை.

"ரெண்டு ஜோடி வேணும்க்கா. உபரியா ஒண்ணு கூடவே வெச்சிருக்கணும்னு விதி."

"விதி எனக்குத் தெரியும்டா."

"உனக்குத் தெரியாம இருக்குமா" என்று சிரித்துவிட்டான். நானும்.

சனிக்கிழமை தயாராகும் என்றேன். கதவு வரை போனவன் திரும்பி, "கடைக்கு வரவா, வீட்டுக்கு வரவா?" என்று கேட்டான்.

வீட்டுக்கு வா என்றேன்.