எதிர்க் கடையில் மூன்று மடங்கு விலைக்குப் போன என் பீர்

அனுப்புநர்
பீர் காய்ச்சி விற்பவர்,
பெயின்ட் கடைக்கும் பூட்டு ரிப்பேர்க் கடைக்கும் நடுவில்,
இறக்கத்துத் தெரு.

பெறுநர்
வணிகக் கண்காணிப்பு அலுவலர் அவர்கள்,
வணிகக் கண்காணிப்பு அலுவலகம், இரண்டாம் மாடி.

பொருள்: எதிர்க் கடைக்காரர் (என் சகலை) பீரைப் பகல் கொள்ளை விலைக்கு விற்பதும், பொதுமக்கள் அதையே முண்டியடித்து வாங்குவதும் குறித்து நடவடிக்கை கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். விலை அதிகம் என்று வாங்குகிறவர்கள் புகார் கொடுப்பதுதான் தங்கள் அலுவலக வழக்கம் என்று கீழ்த்தள எழுத்தர் கூறினார். வாங்குகிறவர்கள் கொடுக்க மாட்டார்கள், ஐயா. அவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள். ஆகவே நான் கொடுக்கிறேன்.

1. நான் இத்தெருவில் நெடுங்காலமாகச் சொந்தமாகப் பீர் காய்ச்சி விற்று வருகிறேன். பெரிய கம்பெனிகளின் பாட்டில் சரக்கு அல்ல. முளைகட்டிய பார்லி மால்ட்டை நானே அரைத்து, நானே கொதிக்க வைத்து, தொட்டியில் நொதிக்க விட்டு, குழாயிலிருந்து நேரே கிளாசில் பிடித்துக் கொடுப்பது. இப்போது இதற்குக் கைவினை பீர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான் தொடங்கியபோது பீர் என்றுதான் சொன்னோம். கொத்து வேலை முடித்து வருகிறவரும் பஸ் நடத்துநரும் பையைத் தடவிப் பார்க்காமல் குடிக்கக்கூடிய விலை வைத்தேன். அந்த விலையைச் சுவரில் பெயின்டால் எழுதி வைத்தேன்.

2. எதிர்தரப்பினர் என் மனைவியின் தங்கை கணவர். தெருவில் "தாடி" என்றால்தான் தெரியும். கடை திறப்பதற்கு முன் ஒரு சென்ட் கடையில் விற்பனையாளராக இருந்தவர். அவர்மீது எனக்குத் தனிப்பட்ட காழ்ப்பு எதுவும் இல்லை. அவர் தாடி நன்றாக இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

3. அவர் என் கடைக்கு நேர் எதிரே கடை திறந்து, என் விலையைப் போல் மூன்று மடங்கு வைத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு மாதம் தாங்க மாட்டார் என்று மனைவியிடம் கூறினேன். அவர் எனக்கு மால்ட் போடும் அதே வியாபாரியிடம்தான் வாங்குகிறார். ஒரே லாரி வந்து நின்று வலப்பக்கம் அவருக்கும் இடப்பக்கம் எனக்கும் மூட்டை இறக்குகிறது. தண்ணீரும் ஒரே குழாய்த் தண்ணீர். ஆனால் அவர் கிளாசுக்குக் கால் இருக்கிறது. ஊற்றுவதற்கு முன் காலி கிளாசை மோந்து பார்த்து ஒரு கணம் கண்ணை மூடுகிறார். விலையைக் கேட்டால், பெரிய டாக்டர் நோயின் பெயரைச் சொல்வதுபோல் தணிந்த குரலில் சொல்கிறார். கேட்டவரும் அதே தணிந்த குரலில் இன்னொன்று கேட்கிறார். என் கடையில் உரக்கச் சண்டை போட்டவர்கள் அங்கே போய்க் குசுகுசுவென்று பேசுவதை என் கல்லாவிலிருந்தே பார்க்கிறேன். என் கல்லாவிலிருந்து வேறு எதுவும் தெரிவதில்லை என்பதைத் தாங்கள் கருணையுடன் கவனத்தில் கொள்ள வேண்டும்.

4. கூட்டத்தைத் திரும்ப இழுக்க நான் விலையைக் குறைத்தேன். கூட்டம் குறைந்தது. ஏதாவது கெட்டுப்போன சரக்கைத் தள்ளிவிடுகிறீர்களா என்று தையற்கடைக்காரர் சிரித்துக்கொண்டே கேட்டார். இன்னும் குறைத்தேன். பத்து வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டு குடித்த பஸ் நடத்துநர் கிளாசை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மறுநாள் முதல் அவர் வரவில்லை. சம்பள நாளன்று எதிர்க் கடையில் காலுள்ள கிளாசை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன்.

5. எதிர்தரப்பினரின் குளிரூட்டும் இயந்திரம் பழுதாகி, அவர் காய்ச்சியது முழுவதும் புளித்துப் போயிற்று. நான் எதுவும் செய்யவில்லை என்பதை உறுதிபடக் கூறுகிறேன். சந்தோஷப்பட்டேன், அவ்வளவுதான். எங்கள் தொழிலில் ஒருவர் காய்ச்சியது கெட்டால் அடுத்தவர் பீப்பாய் கைமாற்றுக் கொடுப்பது வழக்கம். கொடுக்கும்போது பீப்பாயின் மேல் சுண்ணக்கட்டியால் போட்ட நம் குறியை நாமே ஈரத்துணியால் துடைத்துக் கொடுக்க வேண்டும். அதுதான் மரியாதை. வாங்கியவரும் யாருடையது என்று யாரிடமும் சொல்ல மாட்டார். எதிர்தரப்பினர் பின்வாசல் வழியாக வந்து, "அண்ணே, என் மானத்தைக் காப்பாத்துங்க" என்றார். குறியைத் துடைத்துக் கொடுத்தேன். துடைத்தது என் கைதான், ஐயா. ஆகவே என்னிடம் எந்த அத்தாட்சியும் இல்லை. ஆனால் குடிக்கிறவர்களுக்கு நாக்கு இருக்கிறதே, முதல் வாயிலேயே இது என் கடைச் சரக்கு என்று கண்டுபிடித்து எழுந்து வந்துவிடுவார்கள் என்று நம்பி, வாசலில் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டேன்.

6. ஒருவரும் வரவில்லை. அவர் அந்தப் பீருக்குத் தம்முடைய வழக்கமான விலையைவிடவும் அதிகம் வைத்திருந்தார். அதே விலை வைத்தால் பழையதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், கூட வைத்தால் ஒப்பிட மாட்டார்கள் என்று பிற்பாடு எனக்கே விளக்கினார். சென்ட் கடையில் கற்றுக்கொண்டதாம். கடை மூடுவதற்கு முன்பே பீப்பாய் காலி. முன்பு என் கடைக்கு வந்துகொண்டிருந்த பல் டாக்டர், மறுநாள் காலையில் தாமாகவே என்னிடம் வந்து நின்றார். அவர் வாயாலேயே சொன்னதை அப்படியே பதிவு செய்கிறேன்: "நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு தடவை எதிர்ல போய்க் குடிச்சுப் பாருங்க. பீர்னா என்னன்னு உங்களுக்கும் தெரியும்." அவரை உட்கார வைத்து, கைமாற்றுக் கொடுத்ததோடு அதே தொட்டியிலிருந்து இறக்கிய இன்னொரு பீப்பாயிலிருந்து ஒரு கிளாஸ் கொடுத்தேன். பாதி குடித்தார். இந்த விலைக்குப் பரவாயில்லை என்றார். மீதியை வைத்துவிட்டுப் போனார்.

7. இந்தப் பத்தியை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். மேற்படி பீப்பாய் போன நாளில் என் மனைவி ஊரில் இல்லை. தன் தாயாரின் கண் ஆபரேஷனுக்குப் போயிருந்தவள் அன்று மாலை பையுடன் நேரே தங்கை கடைக்குப் போய் இறங்கினாள். அங்கே ஒரு கிளாஸ் குடித்திருக்கிறாள். நான் தொட்டி கழுவிக்கொண்டிருந்தபோது வீட்டுக்கு வந்து, பையைக்கூடக் கீழே வைக்காமல், "தங்கச்சி வீட்டுக்காரருக்குக் கை வந்துடுச்சுங்க. உங்களுக்கு ஏன் ஒரு தடவைகூட இப்படி அமையல?" என்று கேட்டாள். குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே பரிதாபப்பட்டுக் கேட்டாள். கல்யாணமான நாளிலிருந்து நான் காய்ச்சும் ஒவ்வொன்றையும் முதலில் ருசி பார்த்துச் சொல்வது அவள்தான். அவள் சரி என்றால்தான் குழாயில் மாட்டுவேன். அது நான் காய்ச்சியது என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் வயிற்றெரிச்சலில் புளுகுகிறேன் என்பாள். வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது, ஐயா. ஆகவே தொட்டியைத் தொடர்ந்து கழுவினேன்.

8. இது பொறாமையால் எழுதப்படும் மனு என்று தாங்கள் எண்ணக்கூடும். ஆம், பொறாமைதான். அவர் கூட்டத்தைப் பார்த்துப் பொறாமை, கிளாசின் காலைப் பார்த்துப் பொறாமை. எல்லாவற்றையும்விட, அவர் கையால் ஊற்றப்பட்ட என் பீரின்மேல் எனக்குப் பொறாமை. என் வீட்டில் கிடைக்காத பாராட்டு அதற்கு எதிர் வீட்டில் கிடைத்தது.

9. நீயும் விலையை ஏற்றிவிட்டுப் போயேன் என்று தாங்கள் கேட்பது நியாயம். பெயின்டும் தூரிகையும் வாங்கி வந்து சுவர் முன்னால் நின்றேன். அந்நேரம் பார்த்து என் கடையை விட்டுப் போகாத ஒரே ஆளான கொத்தனார் உள்ளே வந்து தம் இடத்தில் உட்கார்ந்தார். கடைக்கு வெள்ளையடிக்கப் போகிறீர்களா, நான் அடித்துத் தரட்டுமா என்றார். ஆமாம் என்றேன். இப்போது சுவர் பளிச்சென்று இருக்கிறது. அதன்மேல் மறுபடி எழுதிய விலையும் பழைய விலையே.

10. அத்தாட்சி திரட்டும் நோக்கில் நான் செய்த ஒரு காரியத்தையும் மறைக்காமல் தெரிவிக்கிறேன். எதிர்தரப்பினர் அடுத்துக் காய்ச்சியது தயாராகாததால் இன்னொரு பீப்பாய் கேட்டார். கொடுத்தேன். அன்று மாலை சட்டை மாற்றிக்கொண்டு, தெருவைக் கடந்து, வாடிக்கையாளராக அவர் கடையில் போய் உட்கார்ந்தேன். ஒரு கிளாஸ் கேட்டேன். மோந்து பார்த்து, கண்ணை மூடி, ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார். அவர் சொன்ன விலையை முழுதாகக் கொடுத்தேன். சொந்தக்காரனிடம் வாங்க வேண்டாம் என்று தயங்குவார் என்று பார்த்தால், எண்ணி வாங்கிக்கொண்டு, "வாங்கலேன்னா ருசி போயிடும் அண்ணே" என்றார். கொழுப்பைப் பாருங்கள் என்று நினைத்துக்கொண்டே குடித்தேன்.

ஐயா, நன்றாக இருந்தது.

நான் அரைத்த மால்ட், நான் கொதிக்க வைத்தது, என் தொட்டி. ஆனால் நுரை மெத்தென்று இருந்தது. கசப்பு வந்ததே தெரியாமல் வந்து, தொண்டையில் சற்று நின்று, பிறகுதான் போயிற்று. ஓடி வந்து என் குழாயில் அதே தொட்டிப் பீரைப் பிடித்துக் குடித்தேன். அது என் பீர், நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அது இல்லை. திரும்பிப் போய் இன்னொரு கிளாஸ் வாங்கினேன். வாயில் வைத்ததும் என்னையறியாமல் தலையாட்டிவிட்டேன். சகலை அதைப் பார்த்துவிட்டார். பக்கத்து மேசையைத் துடைக்கப் போனார். ஏதாவது சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அதற்கும் வழி இல்லாமல் செய்துவிட்டார்.

11. ஆகவே தங்களிடம் நான் கோருவது: எதிர்தரப்பினர் தம் விலையை என் விலை அளவுக்கு உடனடியாகக் குறைக்க உத்தரவிட வேண்டும். அவ்வாறு உத்தரவிட விதியில் இடமில்லை என்று கீழ்த்தள எழுத்தர் அடித்துச் சொல்கிறார். அப்படியானால், கைமாற்று வாங்கிய பீரைக் காய்ச்சியவர் யார் என்று பெரிய எழுத்தில் பலகை வைக்கச் செய்ய வேண்டும். தொழில் மரியாதை கெட்டுவிடுமே என்று எனக்கும் தயக்கம் இருக்கிறது. அதற்கும் வழியில்லையெனில் மூன்றாவது ஒன்று உண்டு. அதற்கு விதி எதுவும் தேவைப்படாது.

தாங்கள் ஒருமுறை நேரில் வந்து விசாரிக்க வேண்டும். அலுவல் நேரத்தில் அருந்தக் கூடாதெனில் அலுவல் முடிந்து வரலாம். தெருவுக்குள் நுழைந்ததும் எதிர்ப்பக்கம் பார்க்காமல் முதலில் என் கடைக்கு வர வேண்டும். விலை எழுதிய சுவருக்கு முதுகு காட்டி உட்கார நாற்காலி போட்டு வைத்திருப்பேன். குடித்து முடிக்கும்வரை என்ன விலை என்று கேட்காதீர்கள். பிறகு மனதில் பட்டதைச் சொல்லுங்கள். நன்றாக இல்லையென்றால் என் காதோடு சொல்லிவிடுங்கள், இம்மனுவை நானே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நன்றாக இருக்கிறதென்றால் மட்டும் கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள். என் மனைவி உள்ளே கிளாஸ் கழுவிக்கொண்டிருப்பாள், தண்ணீர்ச் சத்தத்தில் அவளுக்குக் காது சரியாகக் கேட்காது.

தங்கள் வருகையை எதிர்நோக்கி,

இப்படிக்கு,
பீர் காய்ச்சுபவர்
(கையொப்பம்)

இடம்: இறக்கத்துத் தெரு
நாள்: திங்கட்கிழமை, கடை விடுமுறை (எதிர்க் கடை திறந்திருக்கிறது)