வாணிக்குப் புதிய பேபி கேரியர்

வாணி அப்பாவுக்கு,

நாங்கள் நலம். பழைய பேபி கேரியரில் வாணியின் கால்கள் தொங்கின. அதன் வாரும் என் தோளை அறுத்தது. அதனால் நேற்று ஷிப்ட் முடிந்ததும் அவளைத் தூக்கிக்கொண்டு படப்பையில் ஒரு கடைக்குப் போனேன்.

“பாப்பாவுக்கு இன்னா வயசு?” என்று கடைக்கார அம்மா கேட்டார்.

“மூணு முடிஞ்சிச்சு.”

“அப்போ நடக்க வுடும்மா. இன்னும் எதுக்குத் தூக்கிக்கினு?”

குழந்தையின் சூம்பிய கால்களைப் பார்த்தவர், இடுப்புப் பட்டை அகலமான, இருபது கிலோ தாங்கும் ஒன்றை எடுத்து, வாணியை அதில் வைத்து அவரே என் முதுகில் கட்டிவிட்டார். வாணி சாய்ந்து தூங்கிவிட்டாள்.

“வூட்டுக்காரர் தூக்கினா பட்டைய இழுத்து நீளமா வுட்டுக்கலாம்” என்றார்.

வாணி நடக்க மாட்டாள் என்று டாக்டர் கைவிரித்த வாரமே நீங்கள் ஓசூருக்கு மாற்றல் வாங்கிப் போனதை அவரிடம் சொல்லவில்லை. எனக்குப் போக மீதிப் பட்டையை வெட்டிவிடச் சொன்னேன்.

வாணியின் அம்மா