கோழித் தூக்கம்

பிப்ரவரி 6

அன்பு மருமகளுக்கு,

நலம். போனில் பேசினால் எனக்குப் பாதி புரிவதில்லை, அதனால் கடிதம். உங்கள் கம்பெனி சோதனைக்கு அனுப்பிய காதுக்கருவி வந்தது. பேட்டரியைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும், தீரவே மாட்டேன் என்கிறது. ஆனால் ஒரு வில்லங்கம். வீடு கொஞ்சம் அமைதியாக இருந்துவிட்டால், அடுத்து வரும் முதல் சொல்லைக் கருவி விழுங்கிவிடுகிறது. உன் அத்தை "என்னங்க, குழாயை மூடலையா?" என்றால் திட்டு மட்டும் சுத்தமாகக் கேட்கிறது. வெறும் "என்னங்க" என்றால் ஒன்றுமே இல்லை. வேண்டுமென்றே திரும்பாமல் இருக்கிறேன் என்று முடிவுகட்டி, கூப்பிடுவதையே நிறுத்திவிட்டாள். வந்து தோளைத் தட்டுகிறாள். எனக்கு மனசு கேட்கவில்லை அம்மா.

மாமா

பிப்ரவரி 19

அன்புள்ள மாமாவுக்கு,

அது என் கைவேலை. உங்கள் காதுக்கான அளவுகள் சிப்புக்குள் ஒரு மெமரியில் இருக்கின்றன. மின்சாரத்தை மிச்சப்படுத்த, சத்தமில்லாத நேரத்தில் அதை அடித்துப் போட்டாற்போல் தூங்கவைத்தேன். தூங்கினால் எல்லாம் மறந்துவிடும். விழித்து மறுபடி படித்துக்கொள்ள அரை நொடி. அரை நொடிக்குள் ஒரு "என்னங்க" அடங்கும் என்று யாருக்குத் தெரியும்!

மறக்காத அளவுக்குக் கொஞ்சம் மின்சாரம் விட்டுவைத்தால் கோழித் தூக்கம்தான் தூங்கும், கூப்பிட்டதும் எழும். ஆனால் பேட்டரி சீக்கிரம் தீரும். மேலாளர் ஒப்புக்கொள்ள வேண்டும். அத்தையிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் மருமகள்

மார்ச் 2

அன்பு மருமகளுக்கு,

சொன்னேன். "இத்தனை வருஷமா கருவியே இல்லாம காது நல்லாத்தானே இருந்துச்சு? அப்பவும் திரும்பலையே, அப்ப எந்த மெமரி தூங்குச்சு?" என்கிறாள். பேட்டரி மாற்ற எனக்குக் கை இருக்கிறது. உன் மேலாளரை எப்படியாவது மசியவை.

மாமா

அக்டோபர் 11

அன்புள்ள மாமாவுக்கு,

மேலாளர் முதலில் பிடி கொடுக்கவே இல்லை. "சார், உங்க வீட்டுல உங்களை எப்படிக் கூப்பிடுவாங்க?" என்று அவரிடம் கேட்டேன். "என்னங்கன்னுதான்" என்றவர், உடனே சம்மதித்தார். மின்சாரத்தை ரொம்பக் குறைத்தால் மெமரி மறக்கிறது, கூட்டினால் பேட்டரியைத் தின்கிறது. நடுவில் ஓர் அளவு பிடித்தோம். புதிய சிப் வைத்த கருவி பார்சலில் வருகிறது. மாட்டிப் பார்த்துவிட்டு உடனே எழுதுங்கள்.

உங்கள் மருமகள்

அக்டோபர் 29

அன்பு மருமகளுக்கு,

மாட்டிக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் சத்தமே இல்லை. சமையலறையிலிருந்து "என்னங்க" என்றாள். சட்டென்று திரும்பினேன்.

"என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம். சும்மா கூப்பிட்டுப் பாத்தேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாயங்காலத்துக்குள் இன்னும் ஏழெட்டு முறை சும்மாவே கூப்பிட்டாள். ஒவ்வொரு முறையும் எழுந்து போனேன்.

மாமா